முட்டைக்குப் பதிலா எதைப் போடுறது: இலையுதிர் கால வீகன் மஃபினுக்கு ஆளி விதையா, ஆப்பிளா, பரங்கிக்காயா?

வெளிய காத்து குளிர ஆரம்பிச்சதும் ஓவன் பக்கம் கை தானா போயிடும், ஆப்பிளும் பேரிக்காயும் பரங்கிக்காயும் ஒண்ணா வந்து குவியுற சீசன் இது, பட்டை ஜாதிக்காய் வாசனைக்கும் இதவிட நல்ல நேரம் கிடையாது. மஃபின் செய்யலாம்னு முடிவு பண்றது ஈசி. வீகனா, அதாவது முட்டை பால்னு விலங்குல இருந்து வர்றது எதுவும் இல்லாம செய்யணும், அதுவும் கொஞ்சம் சத்தா செய்யணும்னு நெனச்ச உடனேதான் கேள்வி மேல கேள்வியா வரும், முட்டைக்குப் பதிலா என்ன, மைதாவா கோதுமையா, சர்க்கரையா பேரீச்சம்பழமா, எண்ணெய் எவ்வளவு. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு வழி இருக்கு, எல்லாமே நல்லா வரும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எல்லாத்தையும் ஒரே மாவுல போட்டா நல்லா வராது. அதுதான் நான் இங்க சொல்ல வந்த விஷயமே.

நான் முதல் தடவ செஞ்சப்ப இதுதான் நடந்துச்சு. முழுக்க கோதுமை மாவு, எண்ணெய் சுத்தமா இல்ல அதுக்குப் பதிலா ஆப்பிள் மசியல், முட்டைக்கும் அதே ஆப்பிள் மசியல், சர்க்கரைக்குப் பேரீச்சம்பழ விழுது. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் சரியான மாற்றுதான். ஆனா வெந்து வந்தது மேல காஞ்சு உள்ள கொழகொழன்னு இருந்துச்சு, இன்னும் பத்து நிமிஷம் வச்சுப் பாத்தேன், மேல இன்னும் காஞ்சதே தவிர உள்ள மாறல. அப்பதான் கணக்குப் போட்டுப் பாத்தேன், மாவு தவிர நான் போட்டது எல்லாமே ஈரம். ஆப்பிள் மசியல்ல பெரும்பகுதி தண்ணி, பேரீச்சம்பழத்த ஊற வச்சதும் தண்ணி, பால் தண்ணி. அந்த ஈரத்தப் பிடிச்சு நிறுத்த அங்க ஒண்ணுமே இல்ல.

முட்டை என்ன வேலை செய்யுதுன்னு பாத்தா இது புரியும். ஓடு இல்லாம ஒரு முட்டை சுமாரா 50 கிராம், அதுல முக்கால்வாசி தண்ணிதான், மிச்சம் இருக்கிற புரதமும் கொழுப்பும்தான் வித்தை காட்டுது. சூடு பட்டதும் புரதம் இறுகி மாவுக்கு ஒரு எலும்புக்கூடு மாதிரி நிக்குது, மஞ்சக்கரு எண்ணெயையும் தண்ணியையும் சேத்து வைக்குது, அடிச்சா காத்தையும் பிடிச்சு வைக்குது. இந்த எல்லா வேலையையும் ஒரே ஒரு பொருள் செய்யாது. அதனால "முட்டைக்குப் பதில் எது பெஸ்ட்"னு கேக்குறதவிட, நம்ம மஃபின்ல ஏற்கனவே என்ன இருக்கு, எது கொறையுதுன்னு கேக்குறது உருப்படியான கேள்வி.

இதத் தெரிஞ்சுக்கத்தான் ஒரு சனிக்கிழமை ஒரே மாவ நாலு கிண்ணத்துல பிரிச்சு வச்சேன், 12 குழி தட்டுல ஒவ்வொண்ணுக்கும் மூணு குழி, ஒண்ணுல ஆளி விதை, ஒண்ணுல ஆப்பிள் மசியல், ஒண்ணுல கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணி, ஒண்ணுல வினிகரும் பேக்கிங் சோடாவும். மத்தபடி எல்லாம் ஒண்ணே, ஓவன்ல வச்ச நேரமும் ஒண்ணே.

ஆளி விதை முதல்ல. ஒரு முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் பொடிச்ச விதை, 3 டேபிள்ஸ்பூன் தண்ணி, பத்து நிமிஷம் வச்சா வழவழன்னு ஸ்பூன்ல இருந்து நூல் மாதிரி தொங்கும். விதையோட மேல் தோல்ல இருக்கிற பசைதான் அது, நல்லாப் பொடிச்சாத்தான் சீக்கிரம் தண்ணில எறங்கும், முழு விதைய அப்படியே போட்டா பல்லுல மாட்டுமே தவிர பத்து நிமிஷத்துல இந்த வேலை நடக்காது. என் தட்டுல இது சுமாரான உயரத்துக்குத்தான் எழும்புச்சு, ஆனா ரெண்டா பிச்சுப் பாத்தப்ப உதிரல, ஈரமும் சரியா இருந்துச்சு, அங்கங்க பழுப்புப் புள்ளி தெரிஞ்சுது, ஒரு லேசான பருப்பு வாசனை. பட்டைப் பொடி போட்ட மாவுல அந்தப் புள்ளியும் தெரியாது அந்த வாசனையும் தனியா நிக்காது, அதனால இந்த சீசன் மஃபினுக்கு இது ரொம்பப் பொருத்தம். ஒரு எச்சரிக்கை மட்டும். பொடிச்ச ஆளி விதை சீக்கிரம் காறிப் போயிடும், அதுல இருக்கிற எண்ணெய் காத்து பட்டா மாறுற வகை, ஓவியர்கள் பெயிண்ட்ல கலக்குற லின்சீட் எண்ணெய் இதே விதையில இருந்து எடுக்குறதுதான், அதனால பழைய பொடில பெயிண்ட் வாசனை வந்தா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, தூக்கிப் போட்டுடுங்க. விதையா வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சு தேவைக்கு மட்டும் பொடிச்சுக்கிறது நல்லது.

சியாவும் கிட்டத்தட்ட இதே அளவு, இதே முறை, இன்னும் கொஞ்சம் கெட்டியா இறுகும், பொடிக்காமலே வேலை செய்யும், ஆனா கருப்புக் கருப்பா தெரியும், கடிக்கும்போது நறநறன்னு இருக்கும். ஆளி விதை இல்லாத அன்னிக்கு ஓகே.

ஆப்பிள் மசியல், முட்டைக்கு கால் கப். இதுல பெக்டின்னு பழத்துல இருக்கிற ஒரு பசை இருக்கு, அது ஈரத்தப் பிடிச்சு வைக்கும், ஆனா முட்டை மாதிரி இறுகி நிக்காது. தட்டுல இருந்து எடுத்தப்ப இந்த மூணும் மேல தட்டையா இருந்துச்சு, பேப்பர்ல பாதி ஒட்டிக்கிச்சு. சாப்பிட மெத்துன்னு இருந்துச்சு, அத மறுக்க மாட்டேன், சூடா சாப்பிட்டவங்க இதத்தான் முதல்ல காலி பண்ணாங்க. மறுநாள் காலையில பாத்தா மேல் பக்கம் பிசுபிசுன்னு விரல்ல ஒட்டுது. ஆக ஆப்பிள் மசியல் ஈரத்துக்கு நல்லது, முட்டை இடத்துக்கு ஆகாது. எண்ணெய்ல பாதியக் கொறச்சு அந்த எடத்துல இதப் போட்டீங்கன்னா அதோட நிஜமான பலன் தெரியும்.

கொண்டைக்கடலைத் தண்ணிக்கு அக்வாஃபாபான்னு பேரு. 2014ல ஜோயல் ரோசல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இத அடிச்சா முட்டை வெள்ளை மாதிரி நுரைக்குதுன்னு காட்டினாரு, அடுத்த வருஷம் கூஸ் வோல்ட்னு ஒரு அமெரிக்கர் லத்தீன்ல தண்ணி, பயறு ரெண்டு சொல்லையும் சேத்து இந்தப் பேர வச்சாரு. முட்டைக்கு 3 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் நுரைக்க அடிச்சு சேக்கணும். நாலுல இதுதான் அதிகமா எழும்புச்சு, பாக்க அவ்வளவு அழகு. ஆனா சாயங்காலத்துக்குள்ள காஞ்சு போச்சு. மெரிங், மூஸ் மாதிரி நுரைதான் முக்கியம்னு இருக்கிற எடத்துல இதுக்கு ஈடே இல்ல, கனமான கோதுமை மாவும் பழமும் போட்ட மஃபின்ல அந்த நுரை தாங்காம அமுங்கிடுது, அதுக்காக அடிச்சுக்கிட்டு நிக்கிற நேரம் எனக்கு வீண்னுதான் படுது.

வினிகர்–சோடா சுலபமானது, முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் வினிகர், 1 டீஸ்பூன் சோடா. நல்லா எழும்பும், ஆனா பிடிமானம் கிடையாது, பேப்பரப் பிரிக்கும்போதே பொலபொலன்னு உதிருது. ரெண்டு முட்டை கேக்குற ரெசிபில இத டபுள் பண்ணிப் போட்டா சோடா வாசனை தூக்கிடும், அந்த ஒரு மாதிரி சோப்புச் சுவை பட்டையாலயும் மறையாது. இது தனியா நிக்க வேண்டிய ஆள் இல்ல, வேற ஒண்ணோட சேந்து நிக்க வேண்டிய ஆள்.

வாழைப்பழம் பத்தி ஒரு வரி, நல்லாப் பிடிக்கும், இனிப்பும் தரும், ஆனா எதுல போட்டாலும் அது வாழைப்பழ மஃபினாயிடும். ஆப்பிளையோ பரங்கியையோ ருசிக்கணும்னா வேண்டாம். கடையில வர்ற முட்டை மாற்றுப் பொடில பெரும்பாலும் ஸ்டார்ச்சும் பேக்கிங் பவுடர் மாதிரி எழுப்புற பொருளும்தான், பாக்கெட்ல சொல்ற அளவு போட்டா ஒழுங்கா வரும், அவசரத்துக்கு வச்சுக்கலாம்.

இப்ப பரங்கிக்காய். இத கடைசியா சொல்றேன், ஏன்னா என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா தனியா இல்ல. பரங்கி மசியல் கெட்டியா இருக்கும், நார் இருக்கு, ஆப்பிள் மசியல விட கனம் உள்ளது, அந்த ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் மாவுக்கு முட்டை மஞ்சக்கரு போட்ட மாதிரி ஒரு நிறமே குடுக்குது. அதோட 1 டேபிள்ஸ்பூன் ஆளி விதைய சேத்தா ஈரத்துக்கு ஒண்ணு பிடிமானத்துக்கு ஒண்ணுன்னு வேலை பிரிஞ்சுடுது, அந்த சனிக்கிழமைக்குப் பிறகு நான் செய்றது எல்லாமே இந்தக் கணக்குதான். ஆப்பிள் வேணும்னா மசியலா போடாம சின்னத் துண்டா நறுக்கிப் போடுங்க, வெந்தாலும் கரையாத புளிப்பு கலந்த கெட்டி ஆப்பிளா இருந்தா கடிக்கும்போது தனியா தெரியும். துருவிப் போடுறவங்களும் இருக்காங்க, துருவினா கண்டிப்பா பிழிஞ்சுடுங்க.

பரங்கிய டின்ல வாங்குறதா வீட்ல செய்றதா? டின்ல வர்றது ஒவ்வொரு தடவயும் ஒரே கெட்டியா இருக்கும், அது பெரிய வசதி, ஆனா லேபிள்ல வெறும் பரங்கி மட்டும்னு இருக்கான்னு பாருங்க, பை செய்றதுக்குன்னு சர்க்கரையும் மசாலாவும் கலந்து வர்றதும் அதே அலமாரியில பக்கத்துலயே இருக்கும். வீட்ல செய்றதா இருந்தா தண்ணில வேக வைக்காதீங்க. பாதியா வெட்டி விதை எடுத்து வெட்டுன பக்கம் கீழ வச்சு 200 டிகிரில 40 நிமிஷம் கிட்ட சுட்டு, சதைய எடுத்து மசிச்சு, அதுக்கப்புறமும் ஒரு வடிகட்டில துணி போட்டு அரை மணி நேரம் வச்சுப் பாருங்க, கீழ எவ்வளவு தண்ணி நிக்கும்னு. நான் வடிக்காம போட்டதும் வடிச்சுப் போட்டதும் பாத்திருக்கேன், ஸ்பூன்ல எடுத்து தட்டுல வச்சா அப்படியே குவியலா நிக்கணும், பரவினா இன்னும் வடியட்டும். சுடும்போது வர்ற வாசனையும் ருசியும் டின்ல கிடையாது, நேரம் இருந்தா இதுதான்.

மாவு. எல்லாரும் சத்துன்னா முழு கோதுமைன்னு நேரா போயிடுறாங்க, எனக்கும் அந்த ஆசைதான். ஆனா தவிடு கத்தி மாதிரி, மாவப் பிடிச்சு நிறுத்துற குளூட்டன்ங்கிற புரத இழையெல்லாம் அறுத்து விடும், தண்ணியும் நிறைய குடிக்கும், ஆனா மெதுவா குடிக்கும். முட்டையும் இல்லாம மைதாவும் இல்லாமன்னா மஃபின் எதப் பிடிச்சு எழும்பும்? பாதிக்குப் பாதி போடுங்க, 120 கிராம் கோதுமை 120 கிராம் மைதா, இதுல வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்க ரொம்பக் கொறவு. கலந்த பிறகு மாவ பத்து நிமிஷம் சும்மா விட்டா தவிடு ஊறிடும், ரெண்டு தடவ வேலை செய்ற வகை பேக்கிங் பவுடர்னா சூடு பட்டதும் மறுபடி எழுப்பும், அதனால அந்தப் பத்து நிமிஷத்தால நஷ்டம் இல்ல. வெறும் சோடா மட்டும் போட்ட ரெசிபின்னா காத்திருக்கக் கூடாது, உடனே ஓவனுக்கு.

ஓட்ஸ பொடிச்சு நாலுல ஒரு பங்கு சேக்கலாம், அதுல இருக்கிற பீட்டா குளுக்கான்ங்கிற நார்ச்சத்து தண்ணியப் பிடிச்சு வைக்கிறதால ரெண்டாம் நாளும் மெத்துன்னு இருக்கும். அதுக்கு மேல போனா கொழகொழப்பு ஆரம்பிக்கும். குளூட்டன் ஒத்துக்காதவங்களுக்கு செய்றீங்கன்னா ஓட்ஸ் பாக்கெட்ல குளூட்டன் ஃப்ரீன்னு எழுதியிருக்கணும், வயல்லயும் மில்லுலயும் கோதுமை கலந்துடும். பாதாம் மாவு ருசிதான், ஆனா பிடிமானம் இல்ல, சீக்கிரம் சிவந்துடும், கால் பங்குக்கு மேல வேண்டாம், நட்ஸ் அலர்ஜி யாருக்காவது இருக்கான்னு கேக்காம பொதுவா குடுக்கிற மஃபின்ல போடவே வேண்டாம்.

எண்ணெய் விஷயத்துல ஒரு குளிர்கால ரகசியம் இருக்கு. தேங்கா எண்ணெய் சுமார் 24 டிகிரிலயே உறையும். இலையுதிர் காலத்துல சமையலறையே அதுக்குக் கீழ இருக்கும், உருக்கின எண்ணெய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பால்ல ஊத்தினா அடுத்த நொடி வெள்ளை வெள்ளையா சின்னச் சின்ன முத்தா மிதக்கும், அது மாவுல சரியா கலக்காது, வெந்ததும் அந்த எடத்துல குழி விழும். பாலையும் மசியலையும் முன்னாடியே வெளிய எடுத்து வச்சா சரியாயிடும், இல்லன்னா வாசனை இல்லாத ஏதாவது ஒரு திரவ எண்ணெய் போட்டா இந்தத் தொல்லையே இல்ல, மறுநாளும் மிருதுவா இருக்கும். எண்ணெயே இல்லாம செய்றதுக்கு நான் ஆதரவு இல்ல. பாதியாக் கொறைங்க, சரி. சுத்தமா எடுத்தா ரப்பர் மாதிரி இழுக்கும், பேப்பரும் விடாது.

பால்ல சோயா பால் எனக்கு முதல் சாய்ஸ். அதுல புரதம் அதிகம், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு அஞ்சு நிமிஷம் வச்சா திரிஞ்சு மோர் மாதிரி கெட்டியாகும், அந்தப் புளிப்பு சோடாவோட சேந்து எழுப்பும், முட்டை இல்லாத எடத்துல அந்தப் புரதமும் கொஞ்சம் தாங்கும். பாதாம் பால் பெருசா திரியாது, ஆனாலும் புளிப்பு இருக்கும், அதுவே போதும். ஓட்ஸ் பாலுக்கும் இதேதான்.

இனிப்புக்கு வந்தா, சர்க்கரைய வெறும் இனிப்புன்னு நெனச்சு வெட்டுறதுதான் பலரும் பண்ற தப்பு. அது ஈரத்தப் பிடிக்குது, மாவ மிருதுவாக்குது, நிறம் குடுக்குது, மூணுல ஒரு பங்கு வரைக்கும் கொறைக்கலாம், அதுக்கு மேல போனா வேற பண்டம். பிரவுன் சுகர்ல மொலாசஸ்ங்கிற கரும்புப் பாகு இருக்கிறதால பட்டை சுக்கோட ரொம்ப ஒத்துப்போகும். மேப்பிள் சிரப் ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் போட்டு மத்த திரவத்துல 3 டேபிள்ஸ்பூன் கொறைக்கணும், இந்தக் கொறைக்கிறதத்தான் எல்லாரும் மறந்துடுறோம். பேரீச்சம்பழம் நார்ச்சத்தோட வரும், ருசி ஆழமா இருக்கும், ஆனா கனமாகும், பரங்கியோட சேந்தா ஈரத்து மேல ஈரம். ஓட்ஸும் வால்நட்டும் போட்டு பரங்கி இல்லாம செய்ற மஃபினுக்கு பேரீச்சம்பழத்த விடாதீங்க, பரங்கி மஃபினுக்கு பிரவுன் சுகர். தேன் வீகன் கிடையாது. வெள்ளைச் சர்க்கரையையும் சில நாடுகள்ல எலும்புக் கரி வழியா வடிகட்டுறாங்க, கறாரா பாக்குறவங்க ஆர்கானிக்னோ வீகன்னோ எழுதியிருக்கிறத வாங்கிக்கலாம். மார்ஜரின்லயும் டார்க் சாக்லேட் துண்டுலயும் பால் பொருள் ஒளிஞ்சிருக்கலாம், லேபிளத் திருப்பிப் பாருங்க.

சூரியகாந்தி விதை தூவுறவங்க ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, அதுல இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் சோடாவோட சேந்தா மறுநாள் மஃபின் உள்ள பச்சையாத் தெரியும். பூஞ்சை இல்ல, கெட்டும் போகல. பயமா இருந்தா பரங்கி விதையத் தூவுங்க.

நான் இப்ப செய்ற அளவு இதுதான், 12 மஃபினுக்கு. மாவு பாதிக்குப் பாதி மொத்தம் 240 கிராம், 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, 2 டீஸ்பூன் பட்டைப் பொடி, சுக்கு அரை டீஸ்பூன், ஜாதிக்காயும் கிராம்பும் ஒரு சிட்டிகை. இன்னொரு கிண்ணத்துல வடிச்ச பரங்கி மசியல் 1 கப், பிரவுன் சுகர் 130 கிராம், எண்ணெய் 80 மில்லி, சோயா பால் 100 மில்லில 1 டேபிள்ஸ்பூன் வினிகர், ஊற வச்ச ஆளி விதை, மேல ஒரு முட்டைக்குன்னு சொன்ன அளவு. ரெண்டையும் சேத்து ஸ்பாட்டுலாவால கீழ இருந்து மேல புரட்டணும், மாவு வெள்ளைக் கோடு மறைஞ்ச உடனே நிறுத்திடணும், அங்கங்க கட்டி இருந்தா இருக்கட்டும். கட்டி போகட்டும்னு கலக்கிக்கிட்டே இருந்தா உள்ள குகை குகையா ஓட்டை விழுந்து மேல கூம்பா நிக்கும், சாப்பிட ரொட்டி மாதிரி இழுக்கும். வீகன்னு இல்ல, எந்த மஃபினுக்கும் இதுதான்.

குழி கிட்டத்தட்ட நிறைய ஊத்துங்க. 220 டிகிரில 5 நிமிஷம், அப்புறம் கதவத் திறக்காம 180க்கு எறக்கி இன்னும் 15லேருந்து 17 நிமிஷம். அந்த முதல் சூட்டுலதான் தலை எழும்பும். முட்டை இல்லாததால உள்ள இறுகுற வேலைய மாவோட ஸ்டார்ச்தான் செய்யுது, அதனால குச்சி சுத்தமா வந்தாலும் ரெண்டு நிமிஷம் சேத்து வைக்கிறது தப்பில்ல, தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 96 டிகிரி காட்டணும். எடுத்ததும் பிரிக்காதீங்க, ஆறும்போதுதான் அந்த ஸ்டார்ச் கெட்டிப்படும், தட்டுலயே 10 நிமிஷம், அப்புறம் கம்பி ஸ்டாண்ட்ல முழுசா ஆறணும், சூடா பிச்சுப் பாத்துட்டு வேகலன்னு முடிவு பண்ண மஃபின் அரை மணி நேரம் கழிச்சு சரியா இருந்தத நானே பாத்திருக்கேன்.

ரெண்டு நாளைக்கு டப்பால வெளியவே இருக்கலாம், அடியில ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டா மேல் பக்கம் பிசுபிசுக்காது. ஃப்ரிட்ஜ்ல வச்சா ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி மஃபின் வறண்ட மாதிரி ஆயிடும், அதுக்குப் பதில் ஆறின அன்னிக்கே ஒவ்வொண்ணா சுத்தி ஃப்ரீசர்ல போட்டா மூணு மாசம் வரைக்கும் நல்லா இருக்கும், வேணுங்கும்போது 180 டிகிரில ஒரு 10 நிமிஷம். பரங்கி மஃபின செஞ்ச அன்னிக்கு சாப்பிடுறதவிட மறுநாள் காலையில சாப்பிட்டுப் பாருங்க, ராத்திரி முழுக்க டப்பாவுக்குள்ள இருந்ததுல சுக்கும் கிராம்பும் அப்பதான் முழுசா எறங்கியிருக்கும்.